வேர் அறியும் வெயில்

கொல்லிமலையைப் பற்றி எழுதப் புகும் எவரும் வல்வில் ஓரியில் தொடங்கிக் கொல்லிப்பாவையில் முடிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. குறை சொல்வதற்கில்லை, சங்கப் பாடல்களில் இத்தனை முறை பெயர் பெற்ற மலைகள் குறைவு. ஓரியைக் காரி கொன்றதும், மலை சேரன் கைக்குப் போனதும், பாணரும் விறலியரும் பரிசில் பெற்று மீண்டதும் நாம் பலமுறை படித்த வரலாறு. இங்கே நாம் சொல்ல விழைவது அதே மலையின் வேறொரு வரலாறு. அது மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஓரடி ஆழத்துக்குள் நடந்தது. அதன் மாந்தர்கள் வேர்கள். அவ்வரலாற்றை நகர்த்திய விசைகளுள் ஒன்று வெப்பம். மற்றொன்று சேலத்து ஜவ்வரிசி ஆலை. இவ்விரண்டும் எவ்விடத்தில் கைகோத்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலை எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் சேருமிடத்தில் சோளக்காடு இருக்கிறது. பலா, அன்னாசி, வாழை, மிளகு என மலையில் விளைபவை சந்தைக்கு வந்து சமவெளிக்கு இறங்கும் வாயில் அது. ஊரின் பெயரில் சோளம் இருக்கிறது. சந்தையிலோ பழமும் மிளகும்தான் முன்னே நிற்கின்றன. ஊர்ப்பெயர்கள் பல சமயம் நிலத்தைவிட மெதுவாக மாறுகின்றன. (சோலைக்காடே சோளக்காடாயிற்று என்று வாதிட விரும்புவோர் வாதிடலாம். அந்த வழக்கில் நாம் கலந்துகொள்ளப் போவதில்லை.) மலையின் மேற்பரப்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. நூறு மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் 0.6 டிகிரி செல்சியஸ் அளவு குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆகவே அடிவாரத்துக்கும் சோளக்காட்டுக்கும் இடையே ஐந்தாறு டிகிரி வேறுபாடு உண்டு. பேருந்தில் ஏறிச் செல்பவருக்கு அது இதமான காற்று. ஒரு செடியின் வேருக்கு அது வேறொரு நாடு.

வேருக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவை முறையாக அளக்கத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய தாவரவியலாளர் யூலியுஸ் சாக்ஸ். மக்காச்சோளம், பூசணி, அவரை முதலிய விதைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் முளைக்கவைத்துப் பார்த்து, 1860இல் அவர் ஒரு முடிவை வெளியிட்டார். ஒவ்வொரு பயிருக்கும் மூன்று எல்லைகள் உண்டு: அதற்குக் கீழே வளர்ச்சியே இல்லாத தாழ்ந்த எல்லை, வளர்ச்சி மிக விரைவாக இருக்கும் நடு எல்லை, அதற்கு மேலே வளர்ச்சி நின்றுபோகும் உயர்ந்த எல்லை. இன்று இது பாடநூல் செய்தி. ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு நுட்பத்தைப் பலரும் கவனிப்பதில்லை. வெப்பம் வேருக்குத் தீங்கு என்றோ நன்மை என்றோ பொதுவாகச் சொல்லவே முடியாது. நடு எல்லைக்குக் கீழே நிற்கும் வேருக்கு இரண்டு டிகிரி கூடுவது விருந்து. அதே இரண்டு டிகிரி, எல்லையில் நிற்கும் வேருக்கு நஞ்சு. கேள்வி எப்போதும் 'எந்தப் பயிர், எந்த மண், எந்த ஆழம்' என்பதுதான்.

சாக்ஸுக்கு இருபது ஆண்டுகளுக்குப்பின் சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து தாவரங்களின் அசைவு பற்றிய நூலை வெளியிட்டார். வேரின் நுனி தாழ்நிலை விலங்கொன்றின் மூளையைப்போல் செயல்படுகிறது என்ற புகழ்பெற்ற ஒப்புமை அந்நூலின் இறுதியில் வருகிறது. சாக்ஸ் அதை ஏற்கவில்லை. இருவருக்கும் நல்ல சண்டை. அந்தச் சண்டையின் ஒரு முனை நம் காலத்தில் எதிர்பாராத இடத்தில் மீண்டும் தலைகாட்டியது. செடி வெப்பத்தை உணர்வது தண்டிலும் இலையிலும்தான், வேர் அங்கிருந்து வரும் செய்திக்குக் காத்திருக்கிறது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள மார்ட்டின் லூதர் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வுக்குழு 2023இல் அதை மறுத்தது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறுசெடியின் தண்டை அறவே வெட்டி எறிந்துவிட்டு, வேரை மட்டும் இளஞ்சூட்டில் வைத்தார்கள். வேர் நீண்டது. வெப்பம் கூடும்போது வேர்நுனியில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் மிகுந்து, அங்குள்ள உயிரணுக்கள் விரைந்து பிரிகின்றன. மேலிருந்து ஆணை எதுவும் வரவேண்டியதில்லை. வேர் தானே தன் வெப்பமானி. டார்வினின் ஒப்புமை அறிவியலாகுமா என்பது வேறு விவாதம். வேரை வெறும் குழாயாகப் பார்க்க இனி இயலாது என்பது மட்டும் தெளிவு.

இளஞ்சூட்டில் வேர் ஏன் நீள்கிறது? மேல்மண் சூடேறும்போது ஈரம் கீழே இறங்குகிறது. ஈரத்தைத் துரத்திக்கொண்டு வேரும் இறங்குவது செடிக்கு நன்மை என்று கருதலாம். ஆனால் இந்த ஓட்டத்துக்குச் செலவு உண்டு. வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் வேரின் சுவாசம் ஏறத்தாழ இருமடங்காகும். இலை சமைத்து அனுப்பும் மாவுப்பொருள் வேராக மாறுவதற்குப் பதில் மூச்சாக எரிந்துபோகும். ஓர் எல்லைக்குப்பின் வரவைவிடச் செலவு மிகும். அப்போது வேர் ஓடுவதை நிறுத்திவிடுகிறது.

இனி மண்ணின் சூட்டுக்கு வருவோம். இங்கே நாம் பெருமையோடு நினைக்கவேண்டிய ஒருவர், பாலக்காட்டுக்காரரான எல்.ஏ.ராமதாஸ். 1900இல் பிறந்தவர், சர் சி.வி.ராமனிடம் பயின்றவர், இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, 1932இல் பூனாவில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கப்பட்டபோது அதற்குப் பொறுப்பேற்றவர். வானிலை என்றால் வானத்தை அண்ணாந்து பார்ப்பது என்றிருந்த காலத்தில், ராமதாஸ் வெப்பமானியைக் கீழே கொண்டுவந்தார்: பயிரின் உயரத்துக்கு, பிறகு தரைக்கு, பிறகு மண்ணுக்குள். அதே 1932இல் ராமதாஸும் ஆத்மநாதனும் வெளியிட்ட ஒரு சிறு குறிப்பு, காற்றில்லாத தெளிந்த இரவுகளில் மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இருப்பதில்லை, தரைக்குச் சற்று மேலே மிதக்கிறது என்றது. நம்ப முடியாத முடிவு. அளவையில் பிழை என்றே மேலைநாட்டு அறிஞர் பலர் பல்லாண்டுகள் ஒதுக்கினார்கள். பின்னர் அது மெய்ப்பிக்கப்பட்டது. இன்று 'ராமதாஸ் அடுக்கு' என்றே பெயர். 1993இல் பெங்களூரில் ரொத்தம் நரசிம்மாவும் அவருடைய கூட்டாளிகளும் அதற்கு ஒரு கோட்பாட்டு விளக்கம் தந்தார்கள். இவ்வளவையும் விரித்துச் சொல்வதற்குக் காரணம், இந்தியாவில் தரையை ஒட்டிய வெப்பத்தின் வரலாறு ஒரு பிடிவாதக்காரரின் பொறுமையிலிருந்து தொடங்குகிறது என்பதுதான்.

நம் பொருளுக்கு அதைவிட நெருக்கமானது அவர் 1930களில் செய்த சுண்ணப்பொடிச் சோதனை. தக்காணத்துக் கரிசல் மண் வெயிலை விழுங்கும் மண். கோடை நண்பகலில் திறந்து கிடக்கும் இத்தகைய கறுத்த நிலத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அதே நேரத்தில் நிழலில் தொங்கும் வெப்பமானி 40ஐக் காட்டிக்கொண்டிருக்கும். ராமதாஸ் அம்மண்ணின்மேல் மெல்லிய வெள்ளைச் சுண்ணப்பொடியைத் தூவினார். மண் மாறவில்லை, வெயில் மாறவில்லை, நிறம் மட்டும் மாறியது. மேற்பரப்பு பல டிகிரி குளிர்ந்தது. அக்குளிர்ச்சி கீழேயும் இறங்கியது. வேர் வாழும் வெப்பத்தை வானம் மட்டும் முடிவு செய்வதில்லை, மண்ணின் மேல் என்ன கிடக்கிறது என்பதும் முடிவு செய்கிறது என்பதை இதைவிட எளிமையாக யாரும் காட்டிவிட முடியாது. இன்னொன்றும் அவ்வளவைகளில் தெரிந்தது. பகலின் சூட்டலை ஆழம் செல்லச்செல்ல அடங்கி, ஓரடிக்குக் கீழே ஏறக்குறைய மறைந்துவிடும். ஆகவே இரண்டங்குல வேரும் இரண்டடி வேரும் ஒரே செடியின் உறுப்புகளாயினும் இரு வேறு தட்பவெப்பங்களில் வாழ்கின்றன.

இதை வேறொரு திசையிலிருந்து கண்டவர்கள் பீகாரின் பூசாவில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியல் ஹோவர்டும். பழமரங்களின் வேர்களை மண்ணகற்றிப் பொறுமையாகத் திறந்து பார்த்தபோது, மேலடுக்கு வேர்கள் மழைக்காலத்தில் சுறுசுறுப்பாகவும் கோடையில் உறங்கியும் கிடந்தன. கோடையில் ஈரம் இருந்த ஆழ்வேர்களே மரத்தைத் தாங்கின. நம் வெப்பநாட்டு மரங்கள் வேரில் இரண்டு அடுக்கு வீடு கட்டிக்கொண்டவை என்று சொல்லலாம். ஓராண்டுப் பயிருக்கு அந்த வசதி இல்லை. அதற்கு வாய்த்தது பெரும்பாலும் மேல் ஓரடிதான்.

இந்த வெளிச்சத்தில் கொல்லிமலையின் புன்செய்யைப் பார்க்கவேண்டும்.

கபிலர் பாரியின் பறம்பைப் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று (109ஆம் பாட்டு), உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு விளைவுகளைக் கணக்கிடுகிறது: மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். பறம்பு வேறு மலைதான். ஆயினும் அந்தப் பட்டியலைக் கொல்லிமலைக்காரர் எவரும் தம் மலையினது என்று ஒப்புக்கொள்வார். இங்கே நம் கண் நிற்பது கிழங்கில். மரநிழலில், சருகுப் போர்வைக்குக் கீழே, குளிர்ந்த மண்ணில் பருத்த கொடிக்கிழங்கு அது. அதோடு, மலையாளி என்று பெயர் பெற்ற இம்மலையின் பழங்குடி மக்கள் சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்தார்கள். கட்டவெட்டிச்சாமை, திருகுலாச்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை என்று சாமையிலேயே அத்தனை பெயர்கள்; ஒவ்வொன்றுக்கும் வேறு பருவம், வேறு மண். தானியத்தோடு அவரை, துவரை, கடுகு, ஆமணக்கு போன்றவற்றைக் கலந்து விதைப்பது நம் மலைப்புன்செய்களில் பரவலான வழக்கம். சாமை தூவி விதைக்கப்படுவது, நெருங்கி முளைப்பது, சில வாரங்களில் தரையை மூடிவிடுவது. புல்லினத்துக்கே உரிய நார்வேர்கள் மேல்மண்ணைச் சல்லடையாகப் பின்னிக்கொள்ளும். துவரையும் ஆமணக்கும் ஆணிவேரைக் கீழே இறக்கும். ராமதாஸ் சுண்ணப்பொடியால் செய்ததை இப்பயிர்க்கூட்டம் தன் இலையால் செய்துவந்தது.

மரவள்ளி வந்த கதை கடலோடு தொடர்புடையது. தென்னமெரிக்கக் கிழங்கான அதைத் திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா ஊக்கிப் பரப்பினார். தமிழில் அதற்குப் பெயர் சூட்டியவர்கள் பழைய வள்ளியை மறக்கவில்லை. கொடிவள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மரவள்ளி. (சேலம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு, தெற்கே போனால் மரச்சீனி.) அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப்போர். மலேயாவும் ஜாவாவும் 1942இல் ஜப்பானியர் வசமானபின் ஜவ்வரிசி இறக்குமதி நின்றது. அடுத்த ஆண்டளவில் சேலத்து வணிகர்கள் சிலர் மரவள்ளி மாவிலிருந்தே ஜவ்வரிசி உருட்டத் தொடங்கினார்கள். பனையினத்து மரமொன்றின் சோற்றிலிருந்து வந்த பண்டம் அன்றிலிருந்து நமக்கு ஒரு வேரின் பண்டமாயிற்று. ஆம், வேர்தான். உருளைக்கிழங்கு தண்டின் திரிபு. மரவள்ளிக் கிழங்கோ பருத்த வேர். 1981இல் உற்பத்தியாளர் கூட்டுறவாக சேகோசர்வ் அமைந்தபோது, சேலம், நாமக்கல் பகுதியின் கிழங்கு நாடறிந்த தொழிலாகியிருந்தது. சாலை ஏறிய மலைக்கும் அத்தொழிலின் பசி ஏறியது. சாமை விளைந்த சரிவுகளில் குச்சி நடப்பட்டது.

வேரின் கண்கொண்டு இதைப் பார்ப்போம். மரவள்ளிக் கரணையை ஏறத்தாழ மூன்றடிக்கு ஒன்றாக நடுவார்கள். இலைகள் விரிந்து தரையை மூட மூன்று மாதமாவது ஆகும். அதுவரை செடிக்கும் செடிக்கும் இடையே கிடப்பது களையெடுத்த வெறும் மண். சரிவில் மழை அதை அரிப்பது கண்ணுக்குத் தெரியும், பலரும் எழுதியிருக்கிறார்கள். வெயில் அதைக் காய்ச்சுவது கண்ணுக்குத் தெரியாது. மேலே காற்று குளிர்ந்திருப்பது வெறும் மண்ணைக் காப்பாற்றுவதில்லை. வெயில் நேரே விழுமிடத்தில் மலைமண்ணும் சுடும். இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 0.7 டிகிரி உயர்ந்ததாக 2020இல் வெளியான நடுவண் அரசின் அறிக்கை கணக்கிட்டது. அது சிறிய எண் அன்று. ஆயினும் பயிர் மூடிய மண்ணுக்கும் வெறும் மண்ணுக்கும் இடையே நண்பகலில் மேற்பரப்பில் பத்து டிகிரிக்கு மேலும் வேறுபாடு வரலாம். ஒரு நூற்றாண்டுப் புகைபோக்கிகள் காற்றுக்குச் செய்ததைவிடப் பெரிய வேலையை, ஒரு போகத்தில் பயிர்மாற்றம் மேல்மண்ணுக்குச் செய்துவிட வல்லது. இரண்டும் ஒரே திசையில் போகின்றன என்பதுதான் கவலை: வானத்தின் வெப்பம் கூடக்கூட, திறந்த மண் அதை இன்னும் பெருக்கி வேரிடம் சேர்க்கும்.

இதில் ஒரு முரண் உண்டு. மரவள்ளி வெப்பத்தை விரும்பும் பயிர். 25 முதல் 29 டிகிரி வரையிலான இடமே அதற்கு உகந்தது. குளிர்ந்த உயரங்களில் கிழங்கு பருக்கக் கூடுதல் மாதங்கள் பிடிக்கும். ஆகவே மலை சற்றே சூடாவது, சாக்ஸின் கணக்குப்படி, மரவள்ளியின் வேருக்கு விருந்து. மண்ணைத் திறந்துபோடும் பயிருக்கே வெம்மை துணைபோகிறது. ஆனால் அவ்விருந்துக்கும் எல்லை உண்டு. நட்ட கரணை முளைக்க மண் 28 முதல் 30 டிகிரியில் இருந்தால் சிறப்பு. ஏறத்தாழ 37ஐத் தாண்டினால் முளைப்பு நின்றுபோகும். கரணை நடப்படுவதோ மேல் சில அங்குலத்தில், அதாவது ராமதாஸின் வெப்பமானி மிகுதியாகக் குதித்த அதே அடுக்கில். தான் திறந்துவைத்த மண்ணின் சூட்டிலேயே பயிர் தன் தொடக்கத்தை இழக்கக்கூடும்.

இதற்கு நேர் எதிர் முரண் சாமையினுடையது. சோளம், கேழ்வரகு, தினை, சாமை எல்லாம் வெப்பநாட்டுப் புற்கள். சூட்டையும் வறட்சியையும் தாங்கும் வகையில் அமைந்த உடல்கள். வெப்பம் கூடும் உலகுக்கு ஏற்ற பயிர்கள் என்று 2023ஐ அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியதற்கு இதுவும் ஒரு காரணம். வெப்பத்துக்கு அஞ்சாத பயிர் கொல்லிமலையில் சுருங்கியது வெப்பத்தால் அன்று. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது. கிழங்குக்குக் கையில் காசு கிடைத்தது. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவதோ பெண்களின் தோளை ஒடிக்கும் வேலையாக அப்படியே கிடந்தது. இந்த மூன்றாவது காரணத்தை நம் விவாதங்கள் உரிய அளவு மதித்ததில்லை என்றே நாம் கருதுகிறோம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் தொடங்கிய சிறுதானியப் பணியில் விதை வங்கிகளோடு உமி நீக்கும் சிறு எந்திரங்களையும் ஊர்களில் வைத்தது. மரபுப் பெருமையைப் பாடுவதைவிட அந்த எந்திரம் சாமைக்கு அதிகம் உதவியிருக்கும். உலக்கை பிடிக்காதவர்கள் பாரம்பரிய உணவின் மேன்மையைப் பேசுவது எளிது. காசுப் பயிரை நாடிய மலை உழவரைக் குறை சொல்வதும் அவ்வாறே எளிது.

மிளகையும் சொல்லாமல் விடுவதற்கில்லை, சோளக்காட்டுச் சந்தையின் மணமே அதுதான். சில்வர் ஓக் மரங்களில் ஏறும் கொடியின் ஊட்டவேர்கள் ஆழம் போகாதவை; நிழலும் சருகும் இருக்கும்வரை மண்ணின் மேலடுக்கில் பரவி வாழ்பவை. வேரை அழுக வைக்கும் விரைவு வாடல் ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்த மழைநாட்களின் நோய். மெது வாடலில் பங்குபெறும் வேர் நூற்புழுக்களோ மண் சூடேறினால், ஓர் எல்லைவரை, தம் தலைமுறைகளை விரைந்து முடிப்பவை. வெம்மை இங்கே ஒரு பகையைத் தணித்து மற்றொன்றை வளர்க்கக்கூடும். நிழல் மரம் விற்பனைக்காக வெட்டப்படும் தோட்டத்தில் இந்தக் கணக்கு ஒரே நாளில் மாறிவிடும்.

மரவள்ளியை மலையிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சொல்லும் உரிமையும் நமக்கில்லை. அதன் முதல் மூன்று மாதத் திறந்தவெளியில் நிலக்கடலையோ தட்டைப்பயறோ உளுந்தோ ஊடுபயிராக விதைப்பது வேளாண் துறையினர் பலகாலமாகச் சொல்லிவரும் பரிந்துரை. பயறு முற்றி அறுவடையாகும் வேளையில் மரவள்ளியின் இலை விரிந்து தரையை மூடிக்கொள்ளும். மண் ஒருநாளும் முழுவெயில் காணாது. பரிந்துரைத் தாளில் அது புதிய தொழில்நுட்பமாக அச்சிடப்பட்டிருக்கும். சாமைக்கு நடுவே அவரையும் துவரையும் கலந்து விதைத்த பாட்டிமார் இன்னும் இம்மலையின் ஊர்களில் இருக்கிறார்கள். எந்த விதை எந்த மழைக்கு, எந்தச் சரிவுக்கு என்று அவர்களைக் கேட்டு எழுதிவைக்கும் வேலை முடிந்துவிடவில்லை.